அடுத்தவன் உளி

முன்கையில் இருந்த முடி சுத்தமாகச் சிரைபட்டு விழுந்ததும் உளி தயாராகிவிட்டது என்று முடிவு செய்தேன். கூர் ஏறிவிட்டதா என்று நான் அப்படித்தான் பார்ப்பேன். கட்டைவிரலை வைத்துப் பார்ப்பவன், காகிதத்தைச் சீவிப் பார்ப்பவன் என்று எங்கள் தொழிலில் ஆளுக்கொரு பழக்கம் உண்டு. எனக்கு இடது முன்கை. முப்பத்து மூன்று வருடமாக அந்த இடத்தில் முடி ஒழுங்காக வளர்ந்ததில்லை. கல்யாணமான புதிதில் செவ்வந்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் சுட்டுக்கொண்டதா என்று கேட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாம்பனில் யாகப்பம்மாளின் தகரக் கொட்டகையில் ஒருவரும் இல்லாத நேரத்தில் நான் தீட்டியது என்னுடைய உளியை இல்லை. ரெக்ஸின் உளியை. அவனிடம் நான் கேட்கவும் இல்லை.

அடுத்தவன் உளியைத் தொடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். ரம்பம் கேட்டால் கொடுப்போம், சுத்தியல் கேட்டால் கொடுப்போம், இழைப்புளியைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்துவிடுவோம். உளியை மட்டும் கேட்கவே மாட்டோம். ஒவ்வொரு கைக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி அந்தச் சாய்வு உளியின் வாயில் இறங்கியிருக்கும். இந்தச் சட்டத்தை என்னைவிடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. என் மச்சினன் வீரமணி ஒரு தடவை என்னுடைய ஒரு இஞ்ச் பட்டை உளியால் பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பிவிட்டான். இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை. அவன் மகளின் காதுகுத்துக்குப் போய், செவ்வந்தியை மட்டும் பந்தலுக்குள் அனுப்பிவிட்டு, வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அப்பேர்ப்பட்ட ரோசக்காரன் ரெக்ஸின் உளியை ஏன் தொட்டேன் என்றால், அதை நான் உளி என்றே மதிக்கவில்லை.

எனக்கு ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். பெயர் முனீஸ்வரன். நிலை, கதவு, ஜன்னல், கட்டில் என்று வீட்டு வேலை பார்க்கிற ஆசாரி. யாகப்பம்மாள் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்மணி. கணவர் இல்லை. மகன் வில்பிரட்தான் படகை ஓட்டுகிறான். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியபோது, தலைவாசலுக்குத் தேக்கில் இரட்டைக் கதவு வேண்டும், அதில் திராட்சைக் கொடி ஓட வேண்டும் என்று யாரிடமோ விசாரித்து என்னைக் கூப்பிட்டிருந்தார். பங்குனியில் வந்து கடற்கரைக் கொட்டகையில் தங்கி வேலையைத் தொடங்கினேன். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் படகைக் கரையேற்றி, கொட்டகையை ஒட்டி முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். அதற்குக் கலப்பத்து அடிக்க வந்தவன் ரெக்ஸ். படகின் பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து, மேலே குங்கிலிய மக்கைப் பூசி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலைக்கு அந்தப் பெயர். அவனுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லியான ஆள். படகுக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பான்.

என் பெட்டியில் பதினொரு உளிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடக்கும். கீல் பதிக்கிற இடத்தைச் சீவ அகலமான பட்டை உளி, சட்டத்தில் துளை இறக்கத் தடித்த முதுகுள்ள துளை உளி, சந்து பொந்துகளில் நுழைய வாய் சாய்ந்த உளி, கொடி, இலை, பூ என்று செதுக்க நகம் போல் வளைந்த நக உளிகள் நான்கு. ரெக்ஸிடம் மூன்றே மூன்று இரும்புகள். அவற்றை சிமெண்டுச் சாக்கில் போட்டு வைத்திருப்பான். பிடி கிடையாது, முழுக்க இரும்பு. கருத்துப்போய், முனை மொண்ணையாகக் கிடக்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய் சும்மா இருக்காது.

“ஏலே ரெக்ஸு, இத வச்சு தேங்கா உரிப்பியா, அம்மி கொத்துவியா?”

அவன் சிரிப்பான். ஒரு நாள் மட்டும் படகுக்கடியில் இருந்தபடியே, “இதுக்கு இதுதான் பதம் ஆசாரி. பஞ்சு இருக்குல்ல, அது வந்து...” என்று ஆரம்பித்தான். நான் அவனை முடிக்க விடவில்லை. என் துளை உளிக்கு இரும்பு எங்கே வாங்கினேன், எந்தக் கொல்லன் பதம் வைத்தான் என்று அரைமணி நேரம் பேசினேன். அவன் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, நான் சொன்னதற்கெல்லாம் ‘ம்’ கொட்டினான். அந்தப் பாதி வாக்கியத்தை இப்போது எத்தனை தடவை எனக்குள் முடித்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ராமநாதபுரத்தில் இருந்து போன் செய்தான்.

“ஆசாரி, ரெஜினாவுக்கு நேத்தே வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரில சேத்துருக்கு. டாக்டரம்மா இன்னிக்கோ நாளைக்கோன்றாக.”

“நீ அங்கனயே இரு. படகு வேலைதான் முடிஞ்சிருச்சே.”

“முடியல ஆசாரி.” குரலைத் தணித்தான். “இடது பக்கம் அடியில, பின்னால ஒரு பாகம் நீளத்துக்குப் பஞ்சு வைக்கல. வில்பிரட் அண்ணன் கேட்டதுக்கு எல்லாம் ஆச்சுன்னுட்டேன். நாளைக்கு பெயிண்ட் அடிக்க ஆள் வந்துரும். விடியுமுன்ன வந்து முடிச்சிட்டுத் திரும்ப ஓடிருவேன். நீங்க அவர்ட்ட மட்டும் சொல்லிறாதீக.”

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். அந்த நீளத்துக்காக ஒருவன் பிரசவ வலியில் கிடக்கும் பெண்டாட்டியை விட்டுவிட்டு வர வேண்டுமா என்று நினைத்தேன். இரக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. பெரிய வித்தை போலக் காட்டிக்கொள்கிறார்களே, நம் கையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் பார்ப்போம் என்ற எண்ணம். எல்லோரும் சாப்பிடப் போனதும் சாக்கை அவிழ்த்தேன். அகலமான உளியை எடுத்துப் பார்த்தேன். வாய் கால்வாசி விரல்கடை தடிமனுக்கு மழுங்கியிருந்தது. ‘உளியை வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்’ என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு சாணைக்கல்லில் எண்ணெயை விட்டேன். அவன் திரும்பி வந்து பார்க்கும்போது அசந்துபோக வேண்டும் என்பது என் ஆசை.

மல்லாந்து படுத்து, திரியை இடுக்கில் வைத்து, மரக் கொட்டாப்புளியால் தட்டினேன். திரி அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ரெக்ஸ் அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முக்குவான். எனக்கு மூன்றாவது தட்டிலேயே பஞ்சு உள்ளே மறைந்தது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவன் காய்ச்சி வைத்திருந்த மக்கைச் சூடேற்றிப் பூசி, துணியால் துடைத்து, எழுந்து நின்று பார்த்தேன். அவன் அடைத்த இடத்துக்கும் நான் அடைத்த இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உளியைத் துடைத்து மறுபடி சாக்கில் போட்டேன்.

சாயங்காலம் அவனுக்குப் போன் செய்தேன்.

“ஏலே, நீ வர வேணாம். நானே முடிச்சிட்டேன்.”

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

“எந்த உளில அடிச்சீக?” என்றான்.

“ஒன் உளிதான்ப்பா. அகலமா இருக்குல்ல, அது.”

“அப்ப சரி ஆசாரி.” மூச்சை விட்டான். “நான் பயந்தே போயிட்டேன். ஒங்கள மறக்க மாட்டேன்.”

தீட்டினேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். வரும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை என்று எத்தனை தடவை எனக்குள் வாதாடினாலும், அவன் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும்.

குழந்தை பிறந்த சேதி புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் படகை மந்திரித்தார். மாலை போட்டுக் கடலில் இறக்கினார்கள். அடியில் லேசாகக் கசிந்தது. பலகை ஊறும்வரை அப்படித்தான் இருக்கும் என்று வில்பிரட் சொன்னான். நாலைந்து நாளில் தடைக்காலம் முடிந்து, மொத்தப் பாம்பனும் ஒரே விடியலில் கடலுக்குக் கிளம்பியது. அன்றைக்குச் சாயங்காலம் வில்பிரட்டின் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

பின்பக்கம் இடுக்கு திறந்துகொண்டதாம். என்ஜின் அதிர்வில் மக்கு உதிர்ந்து, பஞ்சு வெளியே வந்து, தண்ணீர் என்ஜின்வரை ஏறிவிட்டது. ஐந்து பேரும் வாளியால் இறைத்திருக்கிறார்கள். வலையை வெட்டிக் கடலில் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு படகு இல்லையென்றால் ஐந்து பேரும் போயிருப்பார்கள் என்று கரையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிப்போன கைகளோடு வில்பிரட் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றான். அதற்குள் ரெக்ஸுக்கு ஆள் போய் அவனும் வந்திருந்தான். ஏழெட்டுப் படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

“பின்னால இடது பக்கம். யாருலே அடிச்சது?” என்றான் வில்பிரட்.

ரெக்ஸ் என்னைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு, “நாந்தான்ணே” என்றான்.

“பொண்டாட்டி பெக்கப் போறான்னா வேலைய விட்டுட்டுப் போக வேண்டியதுதான. எவன் ஒன்ன ஏமாத்தி அடைக்கச் சொன்னது? அஞ்சு குடும்பம்லே.”

நான் அப்போது கதவின் வலது பலகையில் ஒரு திராட்சை இலையைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். கையில் நக உளி. வாயைத் திறந்தால் போதும். ‘வில்பிரட்டு, அது நான் அடிச்சது’ என்று நாலே வார்த்தை. தொண்டைவரை வந்தது. கூட்டத்தில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். ‘ஆசாரி வேலை செய்கிற அழகைப் பார்’ என்பது போலத்தான் அந்தப் பார்வை இருந்தது. நான் குனிந்துகொண்டேன். கை அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. இலையின் நரம்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஐம்பத்து நான்கு வயதில், பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒருவனை முன்னால் நிறுத்திவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்தக் கதவில் அதுதான் நன்றாக வந்த இலை.

மறுநாள் படகை மறுபடி கரையேற்றினார்கள். வேறு ஆள் வருகிறவரை பழைய பஞ்சையாவது பிடுங்கி வை என்று ரெக்ஸிடம் சொல்லியிருந்தார்கள். கொக்கியை விட்டு இழுத்தான். நல்லபடி அடைத்த பஞ்சு இழுத்தால் கயிறாக நீண்டு வருமாம். அவன் அடைத்த இடத்தில் அப்படித்தான் வந்தது. நான் அடைத்த இடத்துக்குக் கொக்கி வந்ததும் துண்டு துண்டாகக் கொட்டியது. ஒவ்வொன்றும் உளியின் அகலத்துக்கு, கத்தரியால் நறுக்கியது போல் இருந்தது. ஒரு துண்டை விரல்களுக்கு நடுவில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுந்து போய்ச் சாக்கை அவிழ்த்தான். அகலமான உளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். வாய் பளபளவென்று மின்னியது, என் கைச் சாய்வு அதில் தெளிவாகத் தெரிந்தது. அது மொண்ணையாக இருப்பதுதான் அதன் பதம், பஞ்சை வெட்டாமல் அமுக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஒவ்வொரு தட்டிலும் திரியை நறுக்கி நறுக்கி உள்ளே தள்ளியிருக்கிறேன். அதனால்தான் அவ்வளவு சுலபமாகப் போயிருக்கிறது.

ரெக்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உளியைச் சாக்கில் போட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மண்டபத்தில் ஐஸ் பெட்டி தூக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். நான் கதவை முடித்தேன், ஜன்னல்களைப் பொருத்தினேன். செவ்வந்தி போன் செய்தபோது பேச்சுவாக்கில், “அந்தக் கலப்பத்துக்காரப் பையனுக்கு என்ன பிள்ள?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பெண்ணா பையனா என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்தேன்.

புது வீட்டைச் சாமியார் வந்து மந்திரிக்க ஐந்து நாள் இருக்கும்போது யாகப்பம்மாளிடம் போனேன். தரைக்குக் கல் பதிப்பதைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். படகுல அந்த எடத்த அடைச்சது ரெக்ஸு இல்ல. நாந்தேன். அவன் உளியத் தீட்டிப்புட்டேன். அதுதான் பஞ்ச அறுத்துருச்சு.”

அவருக்குக் கண் கலங்கியது.

“ஆசாரி, ஒங்க மனசு எனக்குத் தெரியும். புள்ளகுட்டிக்காரன் பொழப்பு போச்சேன்னு அவன் பழிய நீங்க தூக்கிச் சுமக்குறீக. உளி புடிக்கிறதுல ஒங்கள மிஞ்ச ஆள் இருக்கா? உளியத் தீட்டுனா வேல கெட்டுப்போகுமா? கேக்குறவன் சிரிப்பான். போங்க, போயி சாப்புடுங்க.”

அன்றைக்கு ராத்திரி எனக்குக் கொடுத்தனுப்பிய சாப்பாட்டில் நெய்மீன் துண்டு இரண்டு இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நான் சொல்லிவிட்டேன், அவர்தான் நம்பவில்லை என்று ஒரு சாக்குக் கிடைத்தது. அந்தச் சாக்கை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் கதவுக்குப் பாலிஷ் போடும்போது அன்றைக்குச் செதுக்கிய அந்த இலை கைக்கு வந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு ரெக்ஸின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன்.

ரயில் பாலத்துக்குத் தெற்கே, கருவாடு காயப்போடும் இடத்தைத் தாண்டி அவன் வீடு. ரெஜினா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் இருந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவசரமாக எழுந்தாள்.

“ஆசாரி அய்யாவா, வாங்க வாங்க. நீங்க மட்டும் அன்னிக்கு வேலைய முடிச்சுக் குடுக்காட்டி இவுக என்னைய விட்டுட்டு ஓடியாந்துருப்பாக. வலியில கெடக்கயில இவுக கையத்தான் புடிச்சிக்கிட்டு கெடந்தேன்.” குழந்தையின் முகத்தைக் காட்டினாள். “பாருங்க. பேரு ஆஸ்லின்.”

பெண் குழந்தை. தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் கையில் கொடுக்கப் பார்த்தாள். கையெல்லாம் பாலிஷ் என்று பின்வாங்கினேன். இந்தப் பெண்ணிடம் ரெக்ஸ் நான் செய்த உதவியை மட்டும் சொல்லியிருக்கிறான். கூசிக் குறுகிப்போய் நின்றேன். அவள் தேநீர் போட உள்ளே போனதும் ரெக்ஸ் வெளியே வந்தான்.

“யாகப்பம்மாகிட்ட சொன்னேன்ப்பா. நம்ப மாட்டேங்குறாக” என்றேன்.

“நம்ப மாட்டாக.”

“நீ ஏன் அன்னிக்குச் சொல்லல?”

“வேலைய பாதில விட்டுட்டுப் போனது நானு. முடிஞ்சிருச்சுன்னு பொய் சொன்னதும் நானு. அதத்தான் ஒத்துக்கிட்டேன். ஒங்களுக்காக ஒண்ணும் வாய மூடல ஆசாரி.” அவன் குரல் உயரவில்லை. “கோவம் இல்லன்னு நெனச்சுக்கிறாதீக. அன்னிக்கு போன்ல கேட்டேன்ல. எந்த உளின்னு.”

“கேட்ட.”

“ஒன் உளிதான்னீக.”

கருவாட்டின் மேல் இருந்த காக்கையை யாரோ விரட்டினார்கள்.

“அந்த உளிய மழுக்கிட்டியா?” என்று கேட்டேன்.

“எதுக்கு மழுக்க? வேல வந்தாத்தான.” உள்ளே போய்ச் சாக்கோடு வந்தான். உளி அப்படியே இருந்தது. நான் வைத்த கூர் கொஞ்சமும் கெடவில்லை.

“ரெண்டு நாளைக்கு இத எங்கிட்ட குடு. மொண்ண உளி ஒண்ணையும் சேத்துக் குடு. கேட்டு வாங்கிக்கிறேன்” என்றேன். ஐம்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக இன்னொருத்தனிடம் உளியைக் கேட்டேன். அவன் கொடுத்தான். எதற்கென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால் என்ன செய்வது என்று எனக்கே பயம் இருந்தது.

மந்திரிப்பு நாளன்று தெற்கே இருந்து அடிக்கிற சோழகக் காற்று பந்தலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமியார் உள்ளே நுழைவதற்கு முன்னால், கதவு செய்த ஆசாரிக்குத் தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு ஆசாரிதான் முதல் தடவை கதவைத் திறந்துவிட வேண்டும். படிக்குக் கீழே சாமியார் புத்தகத்தோடு நின்றார். பின்னால் வில்பிரட், அன்றைக்குக் கூடியிருந்த அதே படகுக்காரர்கள், பட்டுச்சேலைப் பெண்கள். எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாகப்பம்மாள் தாம்பாளத்தை நீட்டினார்.

“கைய வச்சா நாணயமா வைக்கிற ஆளு. இந்தக் காலத்துல எத்தன பேரு இருக்காக?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

கதவோரம் துணி போட்டு மூடி வைத்திருந்ததை எடுத்தேன். மிச்சத் தேக்கில் இரண்டு பலகை, நடுவில் படகில் இருக்கிற அளவுக்கு இடுக்கு. படியில் வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மடியில் இருந்த பஞ்சுத் திரியை எடுத்தேன்.

“என்ன ஆசாரி?” என்றான் வில்பிரட்.

“ஒரு நிமிசம் தம்பி. கதவு எங்கயும் போயிறாது.”

முதலில் மொண்ணை உளியால் அடித்தேன். திரி முக்கி முனகி உள்ளே இறங்கியது. கொக்கியால் இழுத்தேன், ஒரே கயிறாக வந்தது. அதைத் தாம்பாளத்தில் வேட்டியின் மேல் வைத்தேன். யாகப்பம்மாள் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு திரியை வைத்து, தீட்டிய உளியை எடுத்தேன்.

“இது ரெக்ஸோட உளி. அவன் ஆஸ்பத்திரில இருக்கயில, அவனக் கேக்காம நான் தீட்டுனேன். இதாலதான் படகோட பின்பக்கத்த அடைச்சேன்.”

மூன்று தட்டு. பஞ்சு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கொக்கியை விட்டு இழுத்தேன். துண்டு துண்டாகப் படியில் விழுந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சாமியார் புத்தகத்தை மூடி விரலை நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். துண்டுகளையும் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

வில்பிரட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், நகராமல் உட்கார்ந்திருந்தேன். அவன் குனிந்து என் கையில் இருந்த உளியை வாங்கினான். வாயில் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தான். வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல். அதில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது, அது நிறைந்து வழிந்து படியில் சொட்டியது. விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

யாகப்பம்மாள் தாம்பாளத்தை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தார். கீழே வைக்கவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை. காற்று பஞ்சுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புது வேட்டியின் மேல் புரட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் கதவு சாத்தியே இருந்தது.